துணி மறைக்காத விளக்கு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இயக்குநர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் ஒளிப்பதிவாளரின் மனைவியான என் தங்கையே, நாள்தோறும் விளக்குகளைச் சுமந்து தோள் காய்த்துப்போன லைட்மேன் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் ஒளிப்பதிவாளரைப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது அவ்வளவு எளிதல்ல. ஏன் தெரியுமா? முப்பத்தோரு ஆண்டுகளாக அவர்மீது பொறாமைப்பட்டவன் நான். அவர் போன பிறகாவது அது அடங்கும் என்று நினைத்தேன். உள்ளே நுழைந்து இந்த மண்டபம் நிறைந்திருப்பதைப் பார்த்ததும், நமக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்றுதான் முதலில் தோன்றியது!

நாங்கள் இருவரும் ஒரே ஒளிப்பதிவாளரிடம் ஒரே வாரத்தில் உதவியாளர்களாகச் சேர்ந்தோம். விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டி, வெளிச்சத்தை மென்மையாக்கி முகத்தில் விழவைப்பது என் வழி. அதில் சுருக்கம் மறையும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை மறையும். அவரோ துணியே கட்டமாட்டார். ஒரே விளக்கு. நேராக, முகத்துக்கு எதிரே. நிழல் கத்தியால் வெட்டியதுபோலச் சுவரில் விழும். அதனால் படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு ‘உச்சிவெயில்’ என்று பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் ‘துணிக்கடை’. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் இன்றும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

ஒரு மூத்த நடிகைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் நான்தான் ஒளிப்பதிவு செய்தேன். ஐம்பது வயதில் அவரை முப்பத்தைந்தாகக் காட்டியது என் துணி. அவருக்கு ஒரு தாய் வேடம் வந்தது. இறந்த மகனின் உடலை அடையாளம் காட்டப் போகும் தாய். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு உச்சிவெயில். எனக்குத் தூக்கம் வருமா? நடிகைக்கு நானே போன் செய்தேன். அவர் உங்கள் முகத்தைக் கெடுத்துவிடுவார், இத்தனை வருடப் பெயரும் போய்விடும் என்று சொன்னேன்.

நடிகை பயந்துபோய்த் தளத்துக்குச் சென்று, நடிக்க மாட்டேன் என்றிருக்கிறார். உச்சிவெயில் வாதாடவில்லை. என்னைப்போலத் துணி கட்டி ஒருமுறை, கட்டாமல் ஒருமுறை, அதே வசனத்தை எடுத்து இரண்டையும் திரையில் போட்டுக் காட்டினார். நடிகை வெகுநேரம் பார்த்துவிட்டு, துணி கட்டி எடுத்ததைக் காட்டிச் சொன்னாராம்:

“இந்தம்மாவுக்கு ஒண்ணுமே நடக்கலையே.”

அந்த ஒரு வாக்கியம் என் பன்னிரண்டு ஆண்டு உழைப்பின்மேல் விழுந்தது. படம் வந்தது. அந்தக் காட்சிக்காக மட்டும் மூன்று முறை தியேட்டருக்குப் போனேன். மூன்று முறையும் குறை தேடினேன். கிடைக்கவில்லை. இல்லாத குறையை நான் உண்டாக்கினேன். அவரிடம் போனால் நடிகைகளின் முகத்தில் குழியும் தழும்பும் தெரியும் என்று தயாரிப்பாளர்கள் கூடும் இடமெல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதனால் நம்பினார்கள்.

நான்கு ஆண்டுகள் அவருக்குப் படமே இல்லை. என் தங்கை பள்ளியில் பாடம் நடத்திய சம்பளத்தில் அந்த வீடு ஓடியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மருத்துவமனையில் தோல் மருத்துவர்களுக்காகக் காயங்களைப் படமெடுத்துக் கொடுத்தார். அங்கே அவருடைய வெளிச்சம்தான் தேவைப்பட்டது. காயத்தை அழகாக்கி என்ன பயன்?

அப்போதுதான் சூடான விளக்கைப் பிடித்து என் உள்ளங்கை வெந்துபோய், அதே மருத்துவமனைக்குப் போனேன். படமெடுக்கும் அறையில் அவர் நின்றிருந்தார். கையைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்:

“நீதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்னு தெரியும்டா. கைய நல்லா விரி, வெளிச்சம் படட்டும்.”

அவ்வளவுதான். படமெடுத்து அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அந்தப் பொறுமைமீதும் எனக்குப் பொறாமை வந்தது.

அந்தக் காயப் படங்களைப் பார்த்த ஒரு மருத்துவர் தன் தம்பியிடம் சொன்னார். அந்தத் தம்பிதான் மேடையில் இருக்கும் இயக்குநர். இருவரும் சேர்ந்து ஐந்து படங்கள் செய்தார்கள். ஆறாவது படத்தில் எட்டு நாள் வேலை மிச்சமிருக்கும்போது, மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்த நம் ஒளிப்பதிவாளர் எழுந்திருக்கவில்லை.

மிச்சத்தை யார் எடுப்பது என்று இயக்குநர் தங்கையிடம் கேட்டார். தங்கை என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. நேரில் போய், எல்லாம் தெரிந்தும் என்னையா என்று கேட்டேன்.

“அவர் வேலைய ஒரு ஷாட் விடாம இத்தனை வருஷமாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் அண்ணா. பிடிச்சவங்ககூட அப்படிப் பாக்கல” என்றார்.

ஒப்புக்கொண்டேன்.

நேற்று வெளிச்சத்தைச் சரிபார்க்கத் தளத்துக்குப் போனேன். ஒரே விளக்கு, துணி இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று முப்பத்தோரு ஆண்டுகளாக ஏளனம் செய்தவன் நான். காலையிலிருந்து மாலைவரை அந்த விளக்கை நகர்த்தினேன். முகம் சுண்ணாம்பு அடித்த சுவரானது, நெருப்பானது. உச்சிவெயில் காட்டும் முகம் மட்டும் வரவே இல்லை. கடைசியில் லைட்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், அவரு முதல்ல தானே அந்த இடத்துல அரை மணி நேரம் உக்காந்து பாப்பாரு. தன்னால தாங்க முடிஞ்சாத்தான் நடிகரைக் கூப்பிடுவாரு.”

உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்தது. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

நண்பர்களே, இந்த அவைமுன் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை முதல் எட்டு நாளும் அந்த இடத்தில் முதலில் நான் உட்காருவேன், அரை மணி நேரம். பிறகே நடிகரை அழைப்பேன். படத்தில் ஒளிப்பதிவாளர் என்று அவர் பெயர் மட்டுமே வரும். என் பெயர் எந்த மூலையிலும் வராது. எது அவர் எடுத்தது, எது நான் எடுத்தது என்று உங்களில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்வேன்.

அப்படிச் செய்துவிட்டால், நான் எடுத்ததற்கும் சேர்த்து அவரைத்தான் புகழ்வீர்கள். எனக்கு வயிறு எரியும். எரியட்டும்.