விஷ்ணுப்ரியாவின் மஞ்சள் அட்டை

குகன் தம்பி,

நீங்கள் கேட்ட படங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பாதிக்கு மேல் விஷ்ணுப்ரியா கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பாள். படம் எடுக்கும் நேரம் பார்த்து இமைப்பது அவள் வழக்கம்; உங்களுக்குத் தெரியாததா.

விமான நிலையத்தில், "அக்கா, அவ இங்க எப்படி இருந்தா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அப்போது நேரம் இல்லை. நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியில், பண்டமாரானில் அங்காடிக் கடை வைத்திருக்கும் மலாய் அம்மாள் மீது புகார் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செய்யாத தவறுக்கு ஒருவர் அவதிப்படுவது எனக்குப் பிடிக்காது. அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டு வந்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றில் பருப்புப்பொடியும் மொழிபெயர்ப்பு நாவல்களும். அந்த இரண்டாவது பெட்டியைப் பார்த்த பிறகுதான் அறையைக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். என் பெற்றோர் போன பிறகு அந்த அறையில் யாரும் தங்கியதில்லை. அவள் அலையாத்திக் காட்டுச் சேற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். நான் அதே துறையில் ஆறாவது வருடமாக என் ஆய்வை முடிக்காமல் இருப்பவள். மாலை நாலு மணிக்கு மழை கொட்டும். நாங்கள் சோபாவின் இரண்டு முனைகளில் கால் நீட்டிக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தில், எங்கோ தூர தேசத்துப் பனியில் நடந்துகொண்டிருப்போம்.

சனிக்கிழமைகளில் வெளியே போவோம். கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய்ப் புடவைக் கடைகளை வேடிக்கை பார்ப்போம். பூச்சோங்கில் படம். பத்துமலையில் ஒரு குரங்கு அவள் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கியபோது நான் அதை மலாயில் திட்டினேன். குரங்கு திருப்பிக் கொடுத்துவிட்டது. "குரங்குக்குக்கூட உங்க மலாய் புரியுதுக்கா" என்று அன்றெல்லாம் சிரித்தாள். எந்தக் கடையிலும் அவள் எனக்குப் பின்னால்தான் நிற்பாள். "நீங்கதான் என் வாய்" என்பாள். ஒருவர் இன்னொருவரிடம் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு இறால் ஒவ்வாது என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஊரில் அது பெரிய விஷயமாக இருந்திருக்காது, இறாலைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். இங்கே அப்படி இல்லை. இறாலை இடித்து, புளிக்கவைத்து, காயவைத்துக் கட்டியாக விற்பார்கள். பெலாச்சான் என்று பெயர். சம்பல், பொரித்த சோறு, கீரை என்று எதிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வந்த முதல் மாதம் கேன்டீனில் கங்கோங் கீரை சாப்பிட்டாள். கீரைதானே என்று நினைத்தாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. நான்தான் டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்க என் கையை விடவில்லை. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ள, பேனா மாதிரி ஓர் ஊசியும் கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று நாட்கள் நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டின் மிக நல்ல நாட்கள் அவைதான்.

நான்காவது நாள் ஒரு மஞ்சள் அட்டையில் மலாயில் எழுதிக் கொடுத்தேன்: எனக்கு இறால் ஒவ்வாது, பெலாச்சான் சேர்த்தால் உயிருக்கு ஆபத்து. சேறு எடுக்கப் புதன்கிழமைதோறும் அவள் தனியாகப் பண்டமாரான் பக்கம் போக வேண்டியிருந்தது. கைப்பேசி உறைக்குள் வைத்திருப்பாள். காட்டுவாள். கடைக்காரர்கள் படித்துவிட்டுக் கவலையோடு தலையாட்டுவார்கள். ஒரு வருடம் அந்த அட்டை அவளைக் காப்பாற்றியது. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வாணி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், அதே ஆய்வுக்கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மலைக்குப் போவதாகத் திட்டம். உங்கள் தங்கை என்னையும் கூப்பிட்டாள், கூப்பிட்ட விதத்திலேயே நான் வரமாட்டேன் என்று எதிர்பார்ப்பது தெரிந்தது. அன்று காலை வீட்டில் நான் அரைத்த சட்னியில் கொஞ்சம் பெலாச்சான் சேர்த்தேன். அரை ஸ்பூன்கூட இல்லை. தடிப்பு வந்தது, அரிப்பு வந்தது, மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாவல் வாசித்துக் காட்டினேன். "நல்லவேளை நீங்க இருக்கீங்க" என்றாள்.

எட்டு மாதத்தில் மூன்று தடவைதான். அளவு எனக்குத் தெரியும். ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு நான் விட்டதில்லை.

இந்த வருடம் மார்ச்சில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. செந்தூல்ல வாணிகூட ஒரு ரூம் இருக்கு. நானும் கொஞ்சம் சொந்தக் கால்ல நிக்கணும்ல?"

"போ லா. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?"

"பாத்தீங்களா, கோவம்."

"கோவம் இல்ல. அங்க யாரு உனக்கு மலாய் பேசுவா?"

"அதான் அட்டை இருக்கே. ஆனா மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. போறதுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு எழுதித் தாங்கக்கா."

அவளேதான் கேட்டாள். நானாகக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அதே மஞ்சள் நிறம், அதே அளவு. இந்தத் தடவை எழுதியது இது: நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இறால், பெலாச்சான் எவ்வளவு சேர்த்தாலும் சரி. அவள் கண்ணுக்குப் பழகிய இரண்டு சொற்களும் பழைய இடத்திலேயே இருந்தன. ஓர் இந்தியப் பெண் மாடு வேண்டாம் என்றால் இந்த ஊரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எழுத்து நனையாமல் இருக்க, தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் லேமினேட் செய்தேன். கடைக்கார விஜயன் அண்ணே படித்துவிட்டு, "என்ன மிஸ், ஆளு பெலாச்சானுக்குச் சொத்தையே எழுதி வச்சிரும் போல" என்றார். நானும் சிரித்தேன்.

கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்திருந்தால் அர்த்தம் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் எழுதியதை அவள் ஒருநாளும் சரிபார்த்தது கிடையாது. அப்படி ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பெட்டி கட்ட உதவியதும் நான்தான். அப்போது அவள் பையிலிருந்து ஊசியை எடுத்து வைத்துக்கொண்டேன். உறையை மட்டும் பையிலேயே விட்டேன். இதை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அவளுக்கு முடியாமல் போகும், பையைத் திறப்பாள், உறை காலியாக இருக்கும், வீட்டில் மறந்துவிட்டோம் என்று நினைப்பாள், என்னைக் கூப்பிடுவாள். நான் போவேன். முதல் தடவை மாதிரி என் கையைப் பிடித்துக்கொள்வாள். பிறகு செந்தூல் எதற்கு என்று அவளுக்கே தோன்றிவிடும். அவ்வளவுதான் என் எண்ணம்.

நான் பொறுப்பில்லாதவள் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பண்டமாரானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் புதன்கிழமைகளில் நான் முன்னதாகவே போய், அந்தக் கடைகளிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொள்வேன். கைப்பையில் ஊசி, மேசையில் கைப்பேசி, கையில் நாவல். முதல் இரண்டு புதன்கிழமையும் அவள் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது புதன்கிழமை பசித்திருக்கிறது. அதுவரை போகாத அந்த அம்மாள் கடையில் பொரித்த சோறு கேட்டு, அட்டையைக் காட்டியிருக்கிறாள்.

பிணவறை வாசலில் அந்த அம்மாள் உங்களிடம் அழுதுகொண்டு பேசியது நினைவிருக்கும். "வருத்தப்படுகிறார், தெரியாமல் நடந்துவிட்டது என்கிறார்" என்று உங்களுக்குச் சொன்னேன். அவர் சொன்னதில் அது பாதிதான். மீதிப் பாதி இது: "அட்டையில் இருந்தபடிதான் கொடுத்தேன். ஆசையாகக் கேட்கிறாளே என்று ஒரு கரண்டி கூடவே போட்டேன்." போலீசாருக்கு அவர் தப்பிக்கப் பேசுவதாகப் பட்டிருக்கும், யாரும் அட்டையைத் தேடவில்லை. அது அவள் கைப்பேசி உறைக்குள்தான் இருக்கிறது. கைப்பேசி உங்களிடம் இருக்கிறது. எடுத்து யாரிடமாவது வாசிக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாளை விட்டுவிடுங்கள். எழுதியதும் நான், ஊசியை எடுத்ததும் நான்.

அதே கைப்பேசியில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். கடைசியாகக் கூப்பிட்ட எண்கள், போலீசார் திறந்து காட்டியபோது நானும் பார்த்தவை. பன்னிரண்டு இருபதுக்கு வாணி. இருபத்தொன்றுக்கு மறுபடி வாணி. இருபத்து மூன்றுக்கு ஆம்புலன்ஸ். அது சத்தம் போட்டுக்கொண்டு நான் இருந்த தேநீர்க் கடையைத் தாண்டித்தான் போனது. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் கைப்பேசி அடிக்கவில்லை. அடிக்காத வரை அது வேறு யாருக்கோ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு தேநீர் சொன்னேன்.

என் பெயர் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை, தம்பி. பத்து நிமிடத் தூரத்தில், கையில் ஊசியோடு, அவளுக்காகவே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அவள் மீது உயிரையே வைத்திருந்தவர். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், அவள் எனக்குச் செய்தது சரியில்லை என்று உங்களுக்கும் தோன்றும்.

ராஜினி