கண்ணாடி அறையிலிருந்து ஒரு குரல்

விளக்கை அணைத்துவிட்டு எங்களுக்கு வெளிச்சம் காட்டும் வித்தை அறிந்தவரும், இந்தத் திரையரங்கின் உரிமையாளரும், நான் நேரம் தாண்டினால் அடிப்பதற்கென்றே மேசைமணியைக் கையோடு கொண்டு வந்திருப்பவருமான தலைவர் அம்மா அவர்களே! முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! தோளில் ஒன்று, மடியில் ஒன்று, முந்தானையைப் பிடித்து இழுப்பது ஒன்று என மழலைப் பட்டாளத்தோடு வந்திருக்கும் மாண்புமிகு தாய்மார்களே! கடைசி வரிசையில் கால் நீட்டிக் காத்திருக்கும் காளையர்களே! நான் மேடையேறியதுமே கைப்பேசியைக் கையிலெடுத்துவிட்ட கண்ணியமிக்க கனவான்களே! நாளெல்லாம் பேருந்தில் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கூவிக் கூவித் தேய்ந்துபோன ஒரு நடத்துநரின் தொண்டையிலிருந்து உங்களுக்கு ஒரு வணக்கம் புறப்படுகிறது. நெஞ்சில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'திரையரங்கில் நாம்'. நாம் என்றால் யார்? கதாநாயகி கண்கலங்கும் நேரத்தில், 'மாப்ள, தியேட்டர்ல இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் பேச வேண்டியதையும் அப்போதே பேசி முடிக்கிறோமே, அந்த நாம்! கொலைகாரன் யாரென்று முன்னிருக்கைக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, 'டிரைவர்தான் சார் கொன்னது' என்று காதோரம் கருணை காட்டுகிறோமே, அந்த நாம்! பாப்கார்ன் பொட்டலத்தில் தொலைந்துபோன எதையோ தேடுவதுபோல் துழாவித் துழாவி, துக்கக் காட்சியைத் தூள் தூளாக்குகிறோமே, அந்த நாம்!

யாரங்கே சிரிப்பது? ஐயா, போன வாரம் என் முதுகில் முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு படம் பார்த்தவர் நீங்கள்தானே? சரி, சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் நிம்மதியாக உட்காருங்கள்.

அன்பர்களே! ஊரைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. திட்டுவதற்கு எனக்கு ஒரு பேருந்து இருக்கிறது. இதே அரங்கில், போன ஆண்டு, என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 'தாராளமா சொல்லுங்க' என்று அவர்கள் அனுமதி தந்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

நம் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற அண்ணனை அறியாதவர் இங்கே உண்டா? 'வெண்கலம்' என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். அவர் சந்தையில் தக்காளிக்கு விலை கூறினால், பக்கத்துத் தெருவில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். அப்படிப்பட்ட தொண்டை! அன்று ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மகனைத் தொலைத்த ஒரு தாய் ஊர் ஊராய்த் தேடி அலையும் படம். அரங்கமே அந்தத் தாயோடு அலைந்துகொண்டிருந்தது. அப்போது நடுவரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அதைப் பெற்றவள் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், எழுந்து நின்று தாலாட்டிப் பார்த்தாள். குழந்தை ஓயவில்லை. எழுந்தார் வெண்கலத்தார்.

"யாரும்மா அது! கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு எதுக்கும்மா படத்துக்கு வர்றீங்க? தூக்கிட்டு வெளிய போங்க!"

அவள் போனாள். கதவு மூடியது. நாம் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம்! கை தட்டிவிட்டுக் கண்ணைத் திரைக்குத் திருப்பினோம். திரையில் அலைந்த தாய்க்காகத் தேம்பித் தேம்பி அழுதோம். அழுது முடித்து, முகம் துடைத்து, 'நல்ல படம்பா' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாளே தலைவர் அம்மாவிடம் புகார்கள் வந்து குவிந்தன. குழந்தைகளை உள்ளே விடாதீர்கள் என்று ஒரு கூட்டம். குழந்தை பெற்றால் படம் பார்க்கக் கூடாதா என்று இன்னொரு கூட்டம். அம்மா யோசித்தார். அரங்கின் பின்கோடியில் கண்ணாடி போட்ட ஓர் அறை உண்டு. 'வழிய மறிச்சு நிறுத்தியிருக்கிற வண்டிய எடுங்க' என்று மைக்கில் அறிவிப்பார்களே, அந்த அறை. அதைக் கூட்டிப் பெருக்கி, நாற்காலி போட்டு, படத்தின் ஒலி கேட்க ஒரு ஸ்பீக்கரும் வைத்துவிட்டால், தாய்மார்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்; குழந்தை அழுதாலும் வெளியே கேட்காது. எவ்வளவு அருமையான திட்டம்! அதைச் செய்து முடிக்க வந்தார் நம் எலெக்ட்ரீஷியன் அண்ணன். அண்ணே, தலையைக் குனியாதீர்கள், உங்களைப் புகழத்தான் போகிறேன். ஸ்பீக்கருக்குத் தனி சுவிட்சு எதற்கு என்று சிக்கனம் பார்த்து, ஏற்கெனவே இருந்த மைக்கின் சுவிட்சிலேயே அதையும் சேர்த்துவிட்டார். ஸ்பீக்கரைப் போட்டால் மைக்கும் உயிர் பெற்றுவிடும். அறைக்குள் பேசுவது அத்தனையும் அரங்கம் முழுக்கக் கேட்கும்!

அடுத்த ஞாயிறு. அதே படம். பாதிப் பேர் இரண்டாம் முறை பார்க்க வந்தவர்கள், நானும் வெண்கலத்தாரும் உட்பட. படம் ஓடுகிறது. திரையில் வசனமில்லாத ஒரு காட்சி. திடீரென்று நான்கு பக்கமும் ஒரு பெண்ணின் குரல்.

"நீங்க போன வாரமும் வந்திருந்தீங்கல்ல? நான் உங்களப் பாத்தேன்."

கேட்டவர் ஒரு செவிலியர், தம் குழந்தையோடு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. 'யாருப்பா மைக்ல?' என்று இங்கே நாலைந்து பேர் சீறினார்கள். பதில் வந்தது.

"ஆமாக்கா. பாதியில அனுப்பிட்டாங்க."

சீறியவர்கள் அடங்கினார்கள்.

"அப்புறம் வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்லக்கா. வராண்டாவிலயே நின்னேன். கதவு இடுக்கு வழியா சத்தம் மட்டும் கேட்டுச்சு. இவன் பொறந்தப்புறம் நான் எனக்குன்னு வெளிய வந்ததே அன்னிக்குத்தான். அவர் லாரிய எடுத்துட்டுப் போனா எப்ப வருவார்னு சொல்ல முடியாது. வீட்ல உக்காந்து சட்டைக்குக் காலர் தெக்கிறேன். மெஷினப் பாப்பேன், இவனப் பாப்பேன், சுவத்தப் பாப்பேன். ஒரு படமாச்சும் முழுசா பாக்கலாம்னு ஆசப்பட்டு வந்தேன். படம் முடிஞ்சு எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்தாங்க. எதுக்கு அழுதாங்கன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. இன்னிக்காவது அதப் பாத்துடணும்க்கா. இந்தத் தூண் பாதித் திரைய மறைக்குது, பரவால்ல, எட்டிப் பாத்துக்கலாம்."

தோழர்களே! தாய்மார்களே! திரையில் ஒரு தாய் அலைந்தாள், அவளுக்காக அழுதோம். வராந்தாவில் ஒரு தாய் நின்றாள்; அவளைத் தாண்டிக்கொண்டு போனோம்! நிழலுக்குக் கண்ணீர் கொடுத்த நாம் நிஜத்துக்கு ஒரு நாற்காலி கொடுத்தோமா? பொய்க்கு உருகிய நாம் மெய்யைப் பார்த்து 'என்னம்மா ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். வெண்கலத்தாரின் இருக்கை காலி.

அடுத்த நிமிடம் அரங்கத்து ஸ்பீக்கர்களில் அந்த அறையின் கதவு திறக்கும் ஓசை. பிறகு, தக்காளிச் சந்தை இதுவரை கேட்டறியாத ஒரு தணிந்த குரல்.

"அம்மா... அன்னிக்குக் கத்துனது நான்தாம்மா."

"தெரியும்ணே. அந்தக் குரல எப்படி மறக்கறது?"

"என் சீட்டு நல்ல சீட்டும்மா. தூணெல்லாம் மறைக்காது. நீ வந்து அங்க உக்காந்து பாரு."

"வேணாம்ணே. இவன் அழுவான்."

"அழட்டும்மா. எவனாச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பக் காட்டறேன் என் தொண்டைய!"

சிரித்தோம், அய்யா! அழுதுகொண்டே சிரித்தோம். அவள் உள்ளே வந்தாள். அத்தனை தலைகளும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்து அரண்டுபோனாள். மைக் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த அறை இப்போது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அம்மா புண்ணியத்தில் மைக்கைப் பிடுங்கியாகிவிட்டது. கைப்பேசியில் பேசாவிட்டால் உயிர் போய்விடும் என்பவர்களுக்கு அந்த அறை இலவசம். தூணைப் பார்த்துக்கொண்டே பேசலாம். தாய்மார்களுக்கு இடம் இங்கே, அரங்கத்துக்குள்ளே. தட்டுங்கள், இந்தக் கைதட்டல் நியாயமான கைதட்டல்!

இருங்கள், கதை முடியவில்லை. அம்மா மணியைத் தொடுகிறார், நானும் பார்த்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன்.

படம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. மகன் இருக்கும் வீட்டைத் தாய் கண்டுபிடித்து, கதவைத் தட்டக் கை ஓங்குகிறாள். நம் தையல்காரத் தங்கை இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து வீறிட்டான், அவள் மடியில் இருந்த சிங்கம்! அவள் முகம் வாடிப்போனது. துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள், கதவுப் பக்கம் திரும்பினாள். வழியோரம் உட்கார்ந்திருந்தவன் நான். "உக்காரும்மா," என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள், இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்த வெண்கலத்தார் புரொஜெக்டர் அறையைப் பார்த்து, அவர் வரையில் அது ரகசியக் குரல்தான், "ஆபரேட்டரே, கொஞ்சம் நிறுத்துப்பா," என்றார்.

படம் நின்றது. அன்பர்களே, இது எந்த அரங்கம்? மின்சாரம் ஒரு முறை கண்சிமிட்டினாலே விசிலடித்துக் கூரையைப் பிய்க்கிற அரங்கம்! விளம்பரம் ஒன்று கூடிப்போனால் நாற்காலியைத் தட்டுகிற அரங்கம்! அந்த அரங்கம் இருட்டில் கட்டுண்டு கிடந்தது. ஒரு விசில் இல்லை. ஒரு கைப்பேசி வெளிச்சம் இல்லை. பொட்டலத்தில் நுழைந்த கை பொட்டலத்திலேயே நின்றது. பெற்றவள் ஒருத்தி பிள்ளையை மார்போடு அணைத்து மெல்ல மெல்லத் தட்டும் சத்தத்தை, முன்பின் தெரியாத அத்தனை பேர் உட்கார்ந்து கேட்டோம். அழுகை விசும்பலானது. விசும்பல் விக்கலானது. விக்கலும் ஓய்ந்தது.

"தூங்கிட்டான்," என்றாள். மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்டது.

ஆபரேட்டர் படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினார். அந்தத் தாய் மறுபடி கை ஓங்கினாள். கதவைத் தட்டினாள். கதவு திறந்தது.

படம் முடிந்து வராந்தாவில் அவளைச் சுற்றிப் பெரிய கூட்டம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றாள். வெண்கலத்தார்தான் கேட்டார்.

"எதுக்கு எல்லாரும் அழுதாங்கன்னு இப்பத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுதுண்ணே. ஆனா அந்தக் கட்டம் வந்தப்ப எனக்கு அழுகையே வரல. இவன் தூங்கற வரைக்கும் இவ்ளோ பேரு இருட்டுல சத்தமே போடாம உக்காந்திருந்தீங்களே, அப்பவே அழுது முடிச்சிட்டேன்."

அவ்வளவுதான், அன்பர்களே. இதற்கு மேல் ஒரு நடத்துநர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நம்மால் முடியும், அன்று முடிந்தது, அதே நாம்தான் இன்றும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். பேச அழைத்த அரங்கத்தாருக்கும், நடுவில் எழுந்து போகாத உங்களுக்கும், என் பேச்சு முழுவதையும் அழாமல் கேட்டுக்கொண்டிருந்த மழலைகளுக்கும் மனமார்ந்த நன்றி. வணக்கம்!