இடப்பக்க வகிடு

தம்பிக்குத் தினமும் காலையில் நான்தான் தலை சீவிவிடுகிறேன். வகிடு இடப்பக்கம் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும், "ஏன்க்கா, என்னை ஹெட்மாஸ்டர் ஆக்கிட்டியா?" என்பான். வாய் மட்டும் குறைந்தபாடில்லை.

நீங்கள் கேட்டது சிரிஞ்சைப் பற்றி. சொல்கிறேன்.

முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கிய இடத்தில் விடும் கூழ் அது. தேன்போல ஓடி இடுக்கெல்லாம் நிரம்பும். நீல விளக்கைக் காட்டினால் அங்கேயே உறையும். அதைப் பற்றிக்கொண்டு நரம்பு வளரும் என்பது நம்பிக்கை. மருந்துச் சோதனையில் பாதிப் பேருக்கு அசல் கூழ், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சிரிஞ்சில் நோயாளியின் எண் மட்டும் இருக்கும். வெளிச்சம் படாமல் அதைக் காப்பதும், ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. சொந்தக்காரர் நோயாளியாக இருந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி உண்டு. "எண்தானே இருக்கு, யார் தூக்கினா என்ன?" என்று பெரிய அதிகாரி விட்டுவிட்டார்.

தம்பி ஏணியிலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே அடி. கால் செயலிழந்து போனது. கை பலவீனம்தான், ஆனால் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. பஸ் மோதி முதுகில் அடிபட்டு அவருக்கும் கால் போய்விட்டது; அவரும் சோதனையில் இருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். சிரிஞ்சைச் சுற்றும் அலுமினியத் தாள் அடிக்கடி கிழிகிறது என்று நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, படுத்த படுக்கையாகவே கறுப்புத் துணியில் இரட்டை மடிப்பு வைத்து உறைகள் தைத்துக் கொடுத்தார். சூரியனே வந்து நின்றாலும் வெளிச்சம் உள்ளே புகாத உறை. "உங்க கைல இருக்குன்னா எனக்குப் பயமே இல்லம்மா" என்பார்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இருவரின் சிரிஞ்சுகளையும் உறையிலிருந்து எடுத்தேன். தம்பியுடையதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு நீல விளக்கைக் காட்டினேன். உறையவில்லை. தையல்காரம்மாவுடையதில் ஒரு சொட்டு விட்டேன். வெளுத்து உறைந்தது. எண் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினேன். ஒரு நிமிட வேலை.

அதன்பிறகு உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில். தம்பி எழுந்து நடப்பதை அப்போதே பார்த்துவிட்டேன். விளக்கை அணைக்க மறந்துபோனேன். தம்பிக்கென்று மாற்றிய சிரிஞ்சு உறையில்லாமல் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். அழுது முடிக்கிற நேரம்.

வியாழக்கிழமை கூழ் சரியாக ஓடவில்லை. பாதி உறைந்து கட்டியாகப் போய் நரம்பை அழுத்திவிட்டது. தம்பியின் கையும் போயிற்று. சிரிஞ்சு இறுகலாக இருந்தது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் கை அழுத்தம் அதிகம் என்று விசாரணையில் நீங்கள்தான் முடிவெழுதினீர்கள். நல்ல மனிதர். இப்போது ஆபரேஷன் செய்வதில்லையாம். தையல்காரம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மிச்சமிருந்த உறைகளையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு விஷயங்கள் இன்னும் சொல்லவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே தம்பி என் முகத்தைப் பார்த்து எண்ணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, எதுலயும் கை வெச்சிடாத. எனக்குச் சீப்புப் பிடிக்கக் கை இருக்கு, அது போதும். அந்தம்மாவுக்கு வர வேண்டியது அவங்களுக்கே வரட்டும். பிள்ளைங்க இருக்கு." நான் சரிடா என்றேன்.

மற்றது, ஆபரேஷன் அறையில். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் உறையைப் பிரித்தபோது சிரிஞ்சின் நுனியில் கடுகளவு வெண்மை தெரிந்தது. அது என்னவென்று அந்த அறையில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பியின் தோலைக்கூட அப்போது கீறியிருக்கவில்லை. ஆனால் எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள். "எல்லாம் சரியாம்மா?" என்றார் டாக்டர்.

"சரி சார்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் மேல் தப்பில்லை என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். தையல்காரம்மாவுக்கும் சொல்லுங்கள். தம்பிக்கு மட்டும் வேண்டாம். என் சுயநலத்துக்காகச் சொல்லவில்லை. காலையில் சீப்பு தலையில் பட்டதும் அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். அந்த நிம்மதி ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதையும் பறித்தால் தாங்கமாட்டான். என் கையைத் தவிர வேறு எந்தக் கையையும் அவன் நம்புவதில்லை.