கவுஞ்சி உருளைக்கு மருந்து சொன்ன இயந்திரம்

டீயை முதலில் குடித்துவிடுங்கள், சார். கொடைக்கானலில் டிசம்பர் மாதத்து டீ, நீங்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்காது.

என் பெயர் குருநாதன். பழனி அடிவாரத்தில் என் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. வந்தவன் எதை நம்பி வந்தானோ, அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் அனுப்பிவைப்பதுதான் வியாபாரம் என்று அங்கேதான் கற்றேன். இன்றுவரை அதிலிருந்து நான் தவறவில்லை.

எண்பத்தைந்தில் இங்கே ஏழுரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் 'சிந்தனைப்பொறி' என்ற கம்பெனியைத் தொடங்கினேன். மனிதனைப் போல யோசிக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, டாக்டருக்கே வைத்தியம் சொல்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. நம் மலையில் வைத்தியம் அதிகம் தேவைப்படுவது உருளைக்கிழங்குக்குத்தானே. சென்னையில் ஓர் ஏலத்தில் இரண்டு திரையும் இரண்டு விசைப்பலகையும் ஒரு பெரிய பெட்டியும் எடுத்தேன். ஓர் இன்ஜினீயர் பத்து நாள் தங்கி அதற்கு அறிவு ஏற்றிவிட்டுப் போனார்.

ஏறிய அறிவு கொஞ்சம்தான். கேரட், பூண்டு, முட்டைக்கோஸ், எதைக் கேட்டாலும் போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்தை அடி என்றது. மாட்டுக்குக் கழிச்சல் என்று வந்தவருக்கும் அதையே அடிக்கச் சொன்னது.

சகாயராணி எங்கள் டைப்பிஸ்ட். இருபத்து நான்கு வயது, மலைமேல் கவுஞ்சிக் கிராமத்துக்காரி. உருளை வயலில் வளர்ந்தவள், கன்னியர் மடத்தில் டைப் படித்தவள். மாட்டுக்காரரை வாசல்வரை துரத்திப் போய், "அண்ணே, அதச் செஞ்சுபுடாதீங்க. புளிச்ச மோருல பெருங்காயங் கரைச்சு ஊத்துங்க" என்றாள். மாடு பிழைத்தது. எனக்கும் பிழைக்கும் வழி தெரிந்துவிட்டது.

அறையைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்தேன். முன்பக்கம் ஒரு திரை, பின்பக்கம் ஒரு திரை, நடுவில் ஒயர். நோய் கண்ட இலையை விவசாயி பலகைத் துவாரத்தில் போடுவார். அவர் கேள்வியை நான் டைப் அடிப்பேன். ராணி இலையைப் பார்த்து அந்தப் பக்கம் பதிலை டைப் அடிப்பாள். இந்தப் பக்கம் எழுத்து ஓடும். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். பெட்டிக்கு வேறு எழுத்து தெரியாது, விவசாயிக்கு அந்த எழுத்து தெரியாது. நான் படித்துச் சொல்வேன்.

அவள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அவளுடைய அப்பா அருளப்பனே ஒரு நாள் வந்தார். மகள் பின்னால் உட்கார்ந்து கடிதம் டைப் அடிப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. அதே மருந்தை அவள் வீட்டில் சொன்னபோது, பொட்டப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தட்டிவிட்டவர், இங்கே கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது, சார்? அவள் பேச்சை ஊரைக் கேட்க வைத்தவன் நான்.

சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. சுற்றுலாக்காரர் ஒருவர் பின் சன்னலில் எட்டிப் பார்த்தார். சன்னலுக்கு ஆணி அடித்தேன். இருமல் வெளியே கேட்டது. துவாரத்துக்கு ஒரு மூடி போட்டு, பலகை மீது பழைய மெத்தைகளை வைத்து அடைத்தேன். ஒரு நாள் ஆட்கள் இருக்கும்போதே தண்ணீர் குடிக்க வெளியே வந்துவிட்டாள். கதவுக்கு வெளிப்பூட்டுப் போட்டேன். குளிருக்கு மின்சார ஹீட்டர் வைத்தால் வோல்டேஜ் இறங்கித் திரை சுருங்கியது. அதனால் கரி போட்டு ஒரு குமுட்டி அடுப்புக் கொடுத்தேன். என்னை ஈரமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

"அண்ணே, கரி தலையக் கிறுகிறுக்க வைக்குது. அந்தச் சன்னல் ஆணிய மட்டுமாச்சும் புடுங்கி விட்ருங்க" என்று இரண்டு முறை கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை கழியட்டும், ராணி" என்றேன்.

வெள்ளிக்கிழமை பம்பாயிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. பத்து ஊரில் பத்து இயந்திரம் வைக்க விரும்பும் பெரிய கம்பெனி. பத்து ராணிக்கு எங்கே போவது என்பதைப் பிறகு யோசிக்கலாம் என்றிருந்தேன்.

அன்று காலையிலேயே மேகம் இறங்கி ஊரை மூடிவிட்டது. அடுப்பில் கரியை நானே தாராளமாகப் போட்டு, ராணியை உள்ளே அனுப்பிப் பூட்டினேன். பம்பாய்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சொல்லிவைத்தபடி கவுஞ்சி விவசாயி பொன்னுவேல் இலைகளோடு வந்தார். முதல் நான்கு கேள்விக்கும் பதில் பளிச்சென்று வந்தது. ஐந்தாவதாக, விதைக்கிழங்கு கிடங்கில் அழுகுவதைப் பற்றிக் கேட்டார். திரையில், 'அண்ணே மூச்சு முட்டுது கதவத் தொறங்க' என்று வந்தது.

பம்பாய்க்காரர்களுக்கு அந்த எழுத்து தெரியும், தமிழ் தெரியாது. பொன்னுவேலுக்குத் தமிழ் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்.

"என்னங்க சொல்லுது மெசினு?" என்றார் பொன்னுவேல்.

"கிடங்குக்குக் காத்து போகலையாம். கதவத் தொறந்து வைக்கச் சொல்லுது."

"வாஸ்தவந்தாங்க. குளிருக்குப் பயந்து நாந்தான் அடைச்சுப் போட்டேன். வெரசாப் போயித் தொறந்துடுறேன்" என்று அப்போதே எழுந்து போனார். அவருடைய விதைக்கிழங்கு பிழைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பத்து நிமிடம் கழித்து, 'தொறங்க அண்ணே' என்று வந்தது. இயந்திரம் தன் பதிலைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது என்று பம்பாய்க்காரர்களுக்கு விளக்கினேன். அவர்களில் பெரியவர் "வெரி குட்" என்று குறித்துக்கொண்டார். மூன்றாவது தடவை வெறும் 'அண்ணே'. ஒவ்வோர் எழுத்தாக வந்து நின்றது. அதற்கு இது ஓய்வு நேரம் என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டு, அவர்களை ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ஆள் இருக்கும்போது சத்தம் போடக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. கதவோரம்வரை தவழ்ந்து வந்திருக்கிறாள், ஆனால் தட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முதல் வரியிலேயே எனக்குப் புரிந்தது. கதவு ஆறு அடி தூரத்தில். திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், கம்பெனி செத்திருக்கும். ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகு, நான்கு மணிக்குத்தான் திறந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

ஒரே ஒரு திருத்தம், சார். உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் 'தன்னிடம் வேலை பார்த்த பெண்ணை' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அவளை நான் ஒரு நாளும் வேலைக்காரியாக நடத்தியதில்லை. கடைசிவரை எங்கள் கம்பெனியின் இயந்திரமாகத்தான் வைத்துக் காப்பாற்றினேன்.