கொக்கியில் தொங்கிய வில்லை

மார்ச் 12, செவ்வாய்.

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். நேற்று ஒயரிங் வகுப்பு முடிந்ததும் என் வில்லையை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துக் கொக்கியிலிருந்து கழற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். வில்லை என்பது பெயர் பொறித்த பித்தளைத் துண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர் அதை மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

இன்று மாலை ஆறே முக்காலுக்கு நான் போனபோது வகுப்பு இருட்டில் உட்கார்ந்திருந்தது. ஆறு பேர், ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு. "வாங்க மகாராசா, உங்களுக்காகத்தான் இருட்டுல தவம் கிடக்கோம்" என்றார் கூடப் படிக்கும் தையல்காரர். கொக்கிப் பக்கம் கையை நீட்டினேன். "இரு தம்பி" என்றார் வெல்டர் அண்ணன். "இருட்டு இருக்கும்போதே ஒண்ணு சொல்லிடறேன். எங்க அத்தானுக்கு நடந்தது."

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஓரிரு இடத்தில் வரிசை மாறியிருக்கலாம்.

விடியற்காலை ஐந்து நாற்பது. கேளிக்கைப் பூங்காவின் பின்வாசலிலிருந்து ரோலர் கோஸ்டர் வரைக்கும் ஒரு தார்ப்பாதை... இரண்டு பக்கமும் மூடிய கடைகள். ஆள் அரவம் இல்லை. ஈரப்புல் வாசனையும் கிரீஸ் வாசனையும். அதில் ஸ்கூட்டரில் தனியாக வந்தார் மெக்கானிக். வெல்டரின் அக்கா கணவர் அவர்தான். நாற்பத்தொரு நாள் மூடிக் கிடந்த ரோலர் கோஸ்டரை அன்றைக்குத்தான் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த வண்டிக்குத் தரை கிடையாது. இருபத்தெட்டு இருக்கைகள். ஏறி உட்காரும்போது மட்டும் காலுக்கடியில் தகடு இருக்கும். தோள்பூட்டு விழுந்ததும் தகடு விலகிவிடும். தடக்... அப்புறம் ஸ்ஸ்ஸென்று காற்று. அவ்வளவுதான், கால் அந்தரத்தில். அதனால் செருப்பை மேடையிலேயே கழற்றிவிட வேண்டும். இருக்கை எண் போட்ட மஞ்சள் கட்டங்கள் அதற்கென்றே இருக்கின்றன.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் ஒரு சிறுமி கழற்றவில்லை. நீலச் செருப்பு. இடது காலுடையது கீழே புல்லில் விழுந்துவிட்டது. வண்டி நின்றதும் அவள் அழுதாள். கிரீஸ் போடும் நெட்டை, "நான் எடுத்தாரேன், அழாதே" என்று சொல்லிவிட்டு, பேனல் அறைக் கொக்கியில் தன் வில்லையை மாட்டினான். வேலிக்குள் போனான்.

நெட்டை அந்த விஷயத்தில் கெட்டி. வீட்டில் குளியலறை பல்பை மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்து, சட்டைப் பையிலிருக்கும் வில்லையை அதன்மேல் மாட்டிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவானாம். பூங்காவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கழற்றத்தான் மறந்துபோவான். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவன் வில்லை தொங்க, வண்டி கால்மணி நேரம் நின்றது. அவன் கேன்டீனிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

செருப்பு விழுந்த அன்றைக்கு மெக்கானிக் சாப்பிட்டுத் திரும்பியபோது வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கொக்கியில் நெட்டையின் வில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் பதில் இல்லை. மறுபடியும் மறந்துட்டான் என்று நினைத்து, அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

கடைசி இறக்கத்தில் தண்டவாளம் தரைக்குப் பக்கத்தில் வரும். ஓரத்து இருக்கைகளில் இருப்பவர்களின் கால் ஆள் உயரத்தில் போகும். அவன் ஒரு சாண் குட்டையாக இருந்திருந்தால் உயிர் தப்பியிருப்பான்.

வண்டி வந்து நின்றது. யாரும் கத்தவில்லை. இடது ஓரத்தில் இருந்த ஒரு டீச்சர் மட்டும் இறங்கும்போது கேட்டார். "கீழ துணி எதுவும் தொங்குதாங்க? கால்ல ஏதோ பட்டுச்சு."

விசாரணையில், வில்லை தொங்கியதா என்று மெக்கானிக்கைக் கேட்டார்கள். இல்லை என்றார். நெட்டை விதியை மீறி வில்லை மாட்டாமல் உள்ளே போனான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் மனைவி ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றாள். "அவரு மாட்டாம போகமாட்டாருண்ணா. நீங்க நல்லாப் பாத்தீங்களா?" பார்த்தேன்மா, இல்லை என்றார் மெக்கானிக். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வில்லை அவருடைய கருவிப்பெட்டியில், பழந்துணிக்குள் இருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை, தூக்கமும் கெடவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை.

சரி, அந்த ஐந்து நாற்பதுக்கு வருவோம்.

முதல் ஓட்டம் காலியாக. இரண்டாவது ஓட்டத்தில் மெக்கானிக்கே ஏறிப் பார்க்க வேண்டும், அங்கே அதுதான் முறை. பேனலில் உதவியாளர். மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். இடது ஓரம். தடக்... ஸ்ஸ்ஸ். ஏற்றம். இரண்டு சுழல். கடைசி இறக்கம்...

இடது உள்ளங்காலில் ஒரு கை.

பிடிக்கவில்லை, இழுக்கவுமில்லை. கொடியில் தொங்கும் துணியை ஒதுக்கிவிட்டு நடப்போமே, அப்படி. மெதுவாகக் காலை ஒதுக்கியது. கிரீஸ் பட்ட கை. மேடைக்கு வந்து பார்த்தார், காலில் கறை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கால் மரத்துப்போயிருந்தது. மறுநாள் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். வலது கால். வீட்டில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. ஒரு வாரத்தில் மரப்பு முழங்காலுக்கு ஏறியது. ஸ்கூட்டர் பிரேக்கை மிதிக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் வண்டியை ஓட்டவில்லை. பழந்துணியைப் பிரித்து வில்லையைக் கொக்கியில் மாட்டினார். நேரே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். மேனேஜர் கதவைச் சாத்தினார். முடிந்துபோன விஷயம், ஃபைலை மூடியாயிற்று, முதலில் அதைக் கழற்றி உள்ளே வை என்றார்.

"அதை நான் ஒரு தடவை கழட்டிட்டேன் சார்" என்றார் மெக்கானிக்.

அங்கிருந்து நெட்டையின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் கேட்டது ஒரே கேள்வி. "மாட்டிட்டுத்தான் போனாரு, இல்ல?" ஆமாம் என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வில்லை தொங்கிக்கொண்டே இருந்தது. மேனேஜர் சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். ஒருவரும் தொடவில்லை. அவருக்கும் தொடக் கை வரவில்லை. பதினோரு நாள் வண்டி ஓடவில்லை.

பன்னிரண்டாம் நாள், அதே ஐந்து நாற்பது. மெக்கானிக் பேனல் அறையைத் திறந்தார். பூட்டு அப்படியே இருந்தது. கொக்கியில் வில்லை இல்லை.

வாட்ச்மேன் யாரும் வரவில்லை என்றான். மேடைக்குப் போய்ப் பார்த்தார். மஞ்சள் கட்டத்தில் ஒற்றை நீலச் செருப்பு... இடது காலுடையது. ஈரமாக இருந்தது.

உள்ளே போனவன் வெளியே வந்தால்தானே வில்லை இறங்கும்.

மெக்கானிக் அங்கேயே நின்றார். முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் உணர்வு திரும்ப ஆரம்பித்தது. அப்போது போன் அடித்தது. நெட்டையின் மனைவி. குரலில் பதற்றம் இல்லை, தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

"அண்ணா... பாத்ரூம் பல்பு ரெண்டு மாசமா எரியல. இப்ப எந்திரிச்சுப் பாத்தா வீடு முழுக்கக் கரண்டு இல்ல. மெயின் அணைஞ்சிருக்கு. அது மேல அவரு வில்லை தொங்குது... புல்லு ஒட்டியிருக்கு."

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாத்ரூம்ல ஸ்டூல் நகர்த்துற சத்தம் கேக்குது. நான் கழட்டல. இருட்டுலயே உக்காந்திருக்கேன். முடிச்சுட்டு அவரே வந்து கழட்டட்டும்."

வெல்டர் அண்ணன் அதோடு நிறுத்திவிட்டார். பெஞ்சில் யாரோ காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளும் சத்தம். நான் தடவிப் போய் என் வில்லையைக் கழற்றினேன். அது சில்லென்று இருந்தது. பித்தளை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மெயினைப் போட்டேன். ஏழு இருபதுக்கு வகுப்பு தொடங்கியது.

நாளை: வீட்டுக் குளியலறையில் பல்பு மாற்ற வேண்டும். பகலிலேயே. மெயினை அணைத்து, வில்லையை மாட்டி, முடிந்ததும் நானே கழற்ற வேண்டும்.