வீட்டில் மட்டும் வரும் எச்சரிக்கை

பாலில்லாத இந்தத் தே-ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நேற்று மதியம் அழைத்து வந்ததிலிருந்து என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கமலநாதன் என்பது உங்களுக்குத் தெரியும். ஜொகூர் பாருவில் சின்னச் சின்ன நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் ஒன்று வருமே, அது ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதே பாதி வேலை. ஒவ்வொரு தளமும் தன்னை இன்னார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அது காலாவதியானாலோ, இடையில் வேறொருவன் புகுந்து தன் சான்றிதழை நீட்டினாலோ, ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று திரையில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வந்தால் நான் பயப்பட மாட்டேன். கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். வந்துகொண்டிருந்த எச்சரிக்கை காரணமில்லாமல் நின்றுபோனால்தான் நான் பயப்படுவேன்.

பிரவீனா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டே, வீட்டில் அடி உதை படும் பெண்களுக்காக ஒரு தளம் நடத்துகிறார். அதை நான் இலவசமாகக் கவனித்துக்கொண்டேன். பெண்கள் சொந்தப் பெயர் சொல்லாமல் எழுதலாம். எழுதியது பிரவீனாவின் கணினியில் மட்டுமே திறக்கும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என்னாலும் படிக்க முடியாது. அப்படி அமைத்தவன் நான்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. என்ன, சான்றிதழைப் புதுப்பிக்க அடிக்கடி மறந்துவிடுவேன். பிரவீனா பதறிப்போய்க் கூப்பிடுவார். ‘எப்படியும் தொடரவும்’ என்பதை அமுக்கச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது என்பேன். நாளடைவில் எச்சரிக்கையைக் கண்டதும் யோசிக்காமல் அமுக்க எல்லாரும் பழகிவிட்டார்கள்.

என் மனைவி சந்திரமதி குலாயில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். வேலையை நான்தான் விடச் சொன்னேன். ஃபேக்டரி பஸ்ஸில் யார் யாரோ வருகிறார்கள். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம். கைபேசியைக் கவிழ்த்து வைப்பாள். துணி காயப்போடப் போனாலும் அது கூடவே போகும். யாராக இருந்தாலும் சந்தேகம் வருமா, வராதா? அவள் கைபேசியைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததுதான் என்னை உறுத்தியது. வீட்டு மோடத்தின் பதிவைத் தோண்டினேன். எவனாவது ஒருவன் அகப்படுவான் என்று பார்த்தால், அங்கே இருந்தது பிரவீனாவின் தளம்.

எனக்கு வலித்தது, சார். நான் கட்டிய தளத்தில் என்னைப் பற்றியே முறையிடுகிறாள். என்ன குறை என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். அவள் தளத்தைத் தேடினால், நான்தான் அந்தத் தளம் என்று என் பெட்டி சொல்லும். எழுதியதைப் பூட்டப்படும் முன்பே எனக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு உரிய இடத்துக்கு அனுப்பும். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றியதில்லை.

எச்சரிக்கை வரத்தான் செய்தது. அவள் பிரவீனாவுக்கு எழுதிக் கேட்க, பிரவீனா எனக்கே போன் செய்தார்.

“கமலண்ணே, ஒரு அக்காவுக்கு வீட்ல மட்டும் வார்னிங் வருதாம். மாமாக் சாப்பாட்டுக் கடை வைஃபையில ஓகேவாம். ஏன்லா அப்படி?”

“ஸ்கிரீன் ஒடஞ்ச பழைய போன்லா அது, டைம் தப்பா ஓடும். அதான் வார்னிங். தொடரவும்னு அமுக்கச் சொல்லுங்க.”

வீட்டில் மட்டும் எச்சரிக்கை வந்தால் கோளாறு வீட்டில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவனுக்கும் அது தெரியும். ஆனால் பிரவீனா என்னை நம்பினார், சந்திரமதி பிரவீனாவை நம்பினாள், அமுக்கினாள்.

அவள் எழுதியதில் வேறு ஆண் யாரும் இல்லை. நான் கை நீட்டியதெல்லாம் இருந்தது, கொஞ்சம் மிகைப்படுத்தி. கடைசியாக, பொந்தியானுக்குப் பஸ்ஸில் வருகிறேன், வந்து அழைத்துப்போங்கள் என்று எழுதியிருந்தாள். அவள் பஸ் ஏறும் இடத்துக்கு நான் முன்னாலேயே போய் நின்றேன். சத்தம் போடவில்லை. “வீட்டுக்குப் போலாம் மதி” என்றேன். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு காரில் ஏறிவிட்டாள்.

பொந்தியானில் காத்திருந்து ஏமாந்த பிரவீனாவுக்கு யோசிக்க யோசிக்கப் பொறி தட்டியிருக்கிறது. அந்த அக்காவின் கைபேசித் திரை உடைந்திருப்பது அவருக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரிந்தது என்று உங்களிடம் வந்துவிட்டார். என் வாய் முந்திக்கொண்டது, சார். அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

சந்திரமதி பண்டார் தெங்காராவில் அவள் அக்கா வீட்டில் இருப்பதாக நேற்று சொன்னேன். அது பொய். நீங்கள் அனுப்பிய ஆட்கள் என் வீட்டு வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அடுப்படிக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கதவு தெரியாதபடி அலமாரியைத் தள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் மேசையில் கிடக்கும் கொத்தில் சின்னச் சாவி அதற்குத்தான். வெளியே இருக்கிற ஆட்களை நம்ப முடியாது, அவள் பாதுகாப்புக்காகச் செய்தது. தண்ணீர்ப் போத்தலை மாலையில் நிரப்பிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் என்னை அழைத்து வந்துவிட்டீர்கள்.

முதலில் ஓயாமல் கதவைத் தட்டினாள். போன வாரம் அது குறைந்தது. நேற்று நான் கிளம்பும்போது ஒரு சத்தமும் இல்லை.

எதற்கு இப்படி அவசரமாக எழுந்திருக்கிறீர்கள், சார்? தட்டுவதைத்தான் நிறுத்திவிட்டாளே. இனி எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை.