இரண்டு பேர் பிடிக்கிற பெட்டி

ஷிப்டு முடிந்து ஒரகடத்திலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த வாலாஜாபாத் அக்கா சொன்னது காதில் விழுந்தது.

“ஒண்டியா கீறவன் இந்த கேம் பொட்டிய வாங்கி இன்னா பண்ணுவான்? ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சாதான் ஆன் ஆவுது. இது ஓடாது, பாத்துக்கினே இரு.”

பக்கத்திலிருந்த திருநெல்வேலிப் பெண் சிரித்தாள். எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பெட்டிகளை டெஸ்ட் செய்கிற ஜோடி இவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நல்லா ஓடும்க்கா.”

“எத்த வெச்சி சொல்ற?”

“ஒரு பொட்டிய அர நிமிசந்தான் ஆடிப் பாக்கணும். இன்னைக்குக் கடைசிப் பொட்டிய கீழ வச்சியளா நீங்க?”

“நீ ஜெயிக்கப் பாத்த. அப்டியே வுட்டுடுவனா?”

“பின்னால பொட்டி குமிஞ்சு லைனே நின்னு போச்சு. சூப்பர்வைசர் வந்து நின்னதும் நீங்க பாத்ரூமுக்கு ஓடிட்டிய.”

“அந்தாளு இன்னா சொன்னாரு?”

“யாரு ஜெயிச்சான்னு கேட்டாரு. நீங்கதான்னு சொன்னேன்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டாப் தாண்டியபின் சொன்னார்.

“ஓடும் போலத்தான் கீது.”